மண்ணுக்கு முட்டுக்கொடுத்த மண்டபங்கள்

கிணறு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: ஆழம் போகப் போகப் பக்கத்து மண் உள்ளே சரியப் பார்க்கும். வட்டக் கிணறு என்றால் பாதிக் கவலை விட்டது. மண் சுற்றிலும் நெருக்க, சுவரின் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீளமான பள்ளத்துக்கு அந்த வசதி கிடையாது. நேரான சுவர் நடுவில் உப்பி, ஒரு நாள் விழுந்துவிடும்.

குஜராத்தில் பாட்டன் ஊரிலுள்ள ராணி கி வாவ் என்ற படிக்கிணறு அப்படியொரு நீளப் பள்ளம்தான். சோலங்கி அரசன் முதலாம் பீமனின் நினைவாக அரசி உதயமதி 11ஆம் நூற்றாண்டில் கட்டியது. நீளம் சுமார் 65 மீட்டர், அகலம் 20, ஆழம் 27. கிழக்கே படி இறங்கத் தொடங்கினால் மேற்குக் கோடியில் வட்டக் கிணறு. (வாவ் வேறு யாருமில்லை, நம் வாவிக்கு உறவுதான், இரண்டுக்கும் மூலம் வடமொழி வாபி.)

எதற்கு இத்தனை நீளம்? அந்தப் பக்கம் மழை சில மாதங்களிலேயே பெய்து முடிந்துவிடும். பிறகு நிலத்தடி நீர் கோடைவரை இறங்கிக்கொண்டே போகும். சாதாரணக் கிணற்றில் கயிற்றை நீட்டுவோம். இங்கே நாமே நாலு படி கூடுதலாக இறங்க வேண்டியதுதான். நிறைகுடத்தோடு ஏறி வர வேண்டுமே, படிகள் செங்குத்தாக இருந்தால் ஆகாது. படி தணிந்தால் பள்ளம் நீளும். நீண்டால் சுவருக்கு ஆபத்து.

சரி, சுவரை எப்படி நிறுத்தினார்கள்? பக்கச் சுவர்கள் ஒரே வீச்சில் இறங்காமல் தட்டுத் தட்டாக இறங்குகின்றன. அதனால் எந்தச் சுவரும் முழு ஆழத்து மண்ணையும் தனியாகச் சுமப்பதில்லை. அப்புறம், படிகளின் குறுக்கே இடைவெளி விட்டு நிற்கும் தூண் மண்டபங்கள். நிழலில் உட்கார்ந்து இளைப்பாறக் கட்டியவை என்றுதான் தோன்றும். இளைப்பாறலாம்தான். ஆனால் அவற்றின் உத்தரங்கள் இந்தச் சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே இறுகி நிற்பதால், இரண்டு பக்கத்து மண்ணும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டும்போது குறுக்கே கட்டை வைத்து முட்டுக்கொடுப்பார்களே, அதே வேலை. இறங்க இறங்கப் பள்ளம் ஆழமாவதால் மண்டபங்களுக்கும் அடுக்கு கூடுகிறது.

பிற்பாடு சரஸ்வதி ஆற்று வெள்ளத்தின் வண்டல் எல்லாவற்றையும் மூடிவிட்டது. சிற்பங்களுக்கு அது நல்லதாகவே போயிற்று. 1980களில் தொல்லியல் துறை வண்டலை அகற்றியபோது 500க்கும் மேற்பட்ட பெரிய சிற்பங்கள் வெளிவந்தன, பல இன்றும் மூக்கும் முழியுமாக இருக்கின்றன. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. 2018இல் வந்த ஊதா நிற 100 ரூபாய் நோட்டு கையில் இருந்தால் பின்பக்கம் திருப்புங்கள். படிகளுக்கு மேலே வரிசையாகத் தெரியும் தூண்கள்தான் அந்த முட்டுகள்.