ஒரு கிரைண்டர் விளம்பரம் வந்த வழி

தக்கலையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது மயினி அடுக்களையிலிருந்து கூப்பிட்டார். போனதும் கைப்பேசியை என் முன் நீட்டினார். “தம்பி, நாங்கள் பேசுவதை எல்லாம் இது ஒட்டுக்கேட்கிறது. நீங்கள் கணினி சொல்லிக்கொடுப்பவர்தானே, இதைப் பாருங்கள்.”

முதல்நாள் உள்ளித் தீயலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது பழைய கிரைண்டர் புகைந்து நின்றுவிட்டது. “புதிதாக ஒன்று வாங்க வேண்டும், தேங்காய் துருவும் வசதியும் சேர்ந்திருந்தால் நல்லது” என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் செய்தி படிக்கக் கைப்பேசியைத் திறந்தால், தேங்காய்த் துருவி இணைந்த கிரைண்டருக்கு விளம்பரம். அவர் எங்கும் தேடவில்லை, யாருக்கும் எழுதவும் இல்லை. வாயால் சொன்னது மட்டும்தான்.

இந்தக் குற்றச்சாட்டை வடசேரி பஸ் நிலையத்து டீக்கடையில் கேட்டிருக்கிறேன், ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். சிரித்து ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வு உண்மையானது. அது கைநீட்டும் இடம்தான் தவறு.

மைக்கை முதலில் பார்த்துவிடலாம். பேச்சைப் புரியும் அளவுக்குச் சுருக்கி அனுப்ப விநாடிக்கு 24 கிலோபிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 260 மெகாபைட். நாளுக்கு ஒன்றரை ஜிபி கணக்கில் ரீசார்ஜ் செய்கிற வீட்டில் அதில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போனால் தெரியாமல் இருக்காது. பேட்டரியும் மதியத்துக்குள் கையை விரித்துவிடும். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக ஒலியைப் பதிவுசெய்து அனுப்பிய செயலி எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை. ஆனால் திரையில் நடப்பதைப் படமெடுத்து வெளியே அனுப்பிய செயலிகள் அகப்பட்டன. ஆண்ட்ராய்டு 12 முதல், எந்தச் செயலியாவது மைக்கைத் திறந்தால் திரையின் மேல்மூலையில் பச்சைக் குறி ஒன்று எரியும். குரல் உதவியாளர்கள் தங்களைக் கூப்பிட்டதாகத் தவறாக எண்ணி விழித்துக்கொண்டு பதிவுசெய்வது உண்டு. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை. ஆனாலும் மயினியின் கிரைண்டர் அந்த வழியாக வரவில்லை.

“வீட்டில் வேறு யாராவது தேடினார்களா?” என்று கேட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அந்த வாரம் விடுமுறைக்கு வந்திருந்தான். அம்மா பேசியதைக் கேட்டு, இரவு படுக்கையில் இருந்தபடியே நாலைந்து தளங்களில் கிரைண்டர் விலை பார்த்திருக்கிறான். வாங்கித் தருவதாக யாரிடமும் சொல்லவில்லை. அவனும் மயினியும் ஒரே வைஃபையில் இருந்தார்கள்.

ஒரு வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் வெளியுலகத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியோடுதான், அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஒரே எண்ணோடுதான் தெரியும். இரவுதோறும் ஒரே முகவரியில் தென்படும் கைப்பேசிகளை “இவர்கள் ஒரே வீட்டார்” என்று விளம்பர நிறுவனங்கள் ஒரே கட்டாகக் கட்டி வைக்கின்றன. மகன் தேடியதன் நிழல் அம்மாவின் கைப்பேசியில் விழுவதற்கு அது போதும்.

அவனை அடையாளம் வைத்துக்கொண்டது எப்படி? இணையத்தில் ஒரு தளத்தை வழங்கும் கணினிக்கு இயல்பிலேயே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறை பக்கம் கேட்கும்போதும் நீங்கள் அதற்குப் புது ஆள். அப்படியானால் கூடையில் பொருள் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால் கூடை காலியாகிவிடும். இதைச் சரிசெய்ய 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி கண்டுபிடித்ததுதான் குக்கீ. தளம் உங்களுக்கு ஓர் எண் கொடுக்கிறது, இணையப் பக்கங்களைத் திறக்கும் உங்கள் உலாவி அதைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை காட்டுகிறது.

கோயில் வாசலில் செருப்பு விட்டால் தரும் டோக்கன் போலத்தான் இது. சுசீந்திரத்தில் செருப்பு விடுகிறோம், 47 என்று டோக்கன் தருகிறார்கள். அந்த எண்ணுக்கு நம் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதில் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் சுசீந்திரம், மண்டைக்காடு, குமாரகோவில் என்று எல்லாக் கோயில் வாசலிலும் செருப்புக் காப்பகத்தை ஒரே ஒப்பந்ததாரர் எடுத்து, நமக்கு எங்கும் அதே 47ஐக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்த 47 செவ்வாய்தோறும் எங்கே போகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்தப் பிரார்த்தனைக்கு ஓடுகிறார் என்பது அவருக்கு மெல்லத் தெரிந்துவிடும். பெயர் இன்னமும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்த ஒப்பந்ததாரர் போல ஒரே விளம்பர நிறுவனம் பல தளங்களிலும் நமக்கு வைக்கும் அதே எண்தான் மூன்றாம் தரப்புக் குக்கீ. கைப்பேசிச் செயலிகளுக்குள் இதே வேலையைச் செய்வது விளம்பர ஐடி என்ற நீண்ட எண்.

இனி ஏலத்துக்கு வருவோம். குளச்சல் கரையில் படகு வந்து நெய்மீனைக் குவித்ததும் என்ன நடக்கிறது என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏலம் கூறுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். சுற்றி நிற்கும் வியாபாரிகள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள். கடைசியாக நிற்பவருக்கு மீன். மயினி செய்திப் பக்கத்தைத் தொட்ட கணத்தில் நடந்ததும் அப்படி ஓர் ஏலம்தான். குவித்து வைத்த பொருள் அவருடைய கவனம்.

பக்கம் திறக்கிறது, நடுவில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பொதிந்திருக்கும் சிறு நிரல் ஏலச் சந்தைக்கு ஒரு குறிப்பை அனுப்புகிறது: இன்ன செய்தி, இன்ன கைப்பேசி, திரை இவ்வளவு அகலம், தோராயமாக இன்ன ஊர், இன்ன அடையாள எண், இதற்குக் குறைந்து தரமாட்டோம் என்ற அடிவிலை. சந்தை அந்தக் குறிப்பைப் பல வாங்குவோரின் கணினிகளுக்கு ஒரே நேரத்தில் வீசுகிறது. ஒவ்வொன்றும் தன் ஏட்டைப் புரட்டி அந்த எண்ணைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து விலை சொல்கிறது. பதிலுக்குத் தரப்படும் நேரம் பெரும்பாலும் 100 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. நேர்க்கோட்டில் நாகர்கோவிலிலிருந்து மும்பை சுமார் 1,300 கிலோமீட்டர். போய்த் திரும்ப 13 மில்லிவிநாடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதையும் சேர்த்தாலும் யோசித்து விலை சொல்ல நேரம் மிஞ்சுகிறது. இந்த வேகத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

விலையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். எண்களை எளிதாக்கி, ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு கிரைண்டர் விற்றால் வியாபாரிக்கு 600 ரூபாய் லாபம். விளம்பரத்தைப் பார்க்கும் சாதாரண ஆட்களில் 200 பேருக்கு ஒருவர் தொடுகிறார். தொட்டவர்களில் 50 பேருக்கு ஒருவர் வாங்குகிறார். அப்படியானால் 10,000 முறை காட்டினால் ஒரு விற்பனை. ஒரு முறை காட்டுவதன் மதிப்பு 6 பைசா. இப்போது, நேற்று இரவு கிரைண்டரைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஐம்பதில் ஒரு முறை தொடுவார், தொட்டால் பத்தில் ஒரு முறை வாங்குவார். 500 முறைக்கு ஒரு விற்பனை. மதிப்பு 1 ரூபாய் 20 பைசா. இருபது மடங்கு! பல்பொடிக்காரரும் வங்கிக் கடன்காரரும் பைசாக்களில் பேசிக்கொண்டிருக்கும்போது கிரைண்டர்க்காரர் ரூபாயில் பேசுகிறார். அதனால்தான் பார்த்த பொருள் பக்கத்துக்குப் பக்கம் நம்மைத் துரத்துகிறது.

மகன் மறுநாளே நாகர்கோவிலில் ஒரு கடையில் ரொக்கம் கொடுத்துக் கிரைண்டர் வாங்கிவிட்டான். விளம்பரம் நிற்கவில்லை. கடையில் கைமாறிய பணம் அந்த ஏட்டில் ஏறவில்லை. ஏட்டைப் பொறுத்தவரை அந்த வீடு இன்னும் கிரைண்டர் இல்லாத வீடு. இப்படிப்பட்ட பட்டியலில் ஒருவரை 30 நாள் போல வைத்திருப்பது வழக்கம்.

ஏலம் எடுத்தவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கரையில் ஏறுவிலை ஏலத்தில் ஜெயிப்பவர் தன் மனதில் இருந்த உச்சவிலையைக் கொடுப்பதில்லை; கடைசியாக ஒதுங்கியவரைவிடச் சற்றே கூடக் கொடுக்கிறார். மூடிய உறைக்குள் விலை எழுதிக் கொடுத்தாலும், ஜெயித்தவர் இரண்டாவது விலையைக் கட்டினால் போதும் என்று விதி வைத்தால் யாருக்கும் பொய் விலை எழுதத் தோன்றாது என்று 1961இல் காட்டினார் வில்லியம் விக்ரி. 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டது. மூன்று நாளில் இறந்துபோனார். இணைய விளம்பரச் சந்தைகள் நெடுநாள் அந்த வழியில் நடந்து, பிறகு சொன்ன விலையையே கட்டும் முறைக்கு மாறின. கூகுள் தன் சந்தையை 2019இல் மாற்றியது. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் தோவாளையில் பிச்சியும் மல்லிகையும் விலையேறுவதுபோல, பண்டிகைக்கு முன் நம் கவனத்தின் விலையும் ஏறும்.

குளச்சல் ஏலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது எனக்குச் சிறியதாகத் தோன்றவில்லை. கரையில் தோற்ற வியாபாரி வெறுங்கையோடு போகிறார். இந்த ஏலத்தில் தோற்றவரும் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் போகிறார். இன்ன எண்ணுள்ள கைப்பேசி, இன்ன ஊரில், இன்ன நேரத்தில், இன்ன செய்தியைப் படித்தது என்பது ஒரு விளம்பரம்கூடக் காட்டாதவர்களின் கைக்கும் போய்ச் சேர்கிறது. அவர்கள் அதைச் சேர்த்து வைத்தால் தடுப்பதற்கு அந்தக் கணத்தில் யாரும் இல்லை.

இன்னொன்று இதைவிடக் கொடியது. ஏலம் விளம்பரக்காரரின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை, பணத்தைப் பார்க்கிறது. பங்குச் சந்தையில் பத்து நாளில் இரட்டிப்பு என்று விளம்பரம் போடும் மோசடிக்காரன் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாய் பறிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் முறை காட்டி ஒரே ஒருவர் விழுந்தாலும் ஒரு முறை காட்டுவதன் மதிப்பு அவனுக்கு 20 பைசா. கிரைண்டர் விற்கும் நேர்மையான வியாபாரியின் 6 பைசாவை அவன் அநாயாசமாகத் தாண்டுவான். தளங்கள் வைத்திருக்கும் சோதனைகளைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், திருடனால்தான் கூட விலை கொடுக்க முடியும். பெரிய தளத்தில் வந்த விளம்பரம், அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பணி ஓய்வுத் தொகையை இழந்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் பேராசைக்காரர் அல்ல. விளம்பரம் வந்த இடத்தையே சான்றாக நம்பினார், அவ்வளவுதான். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தாமதமானால் பணம் கணக்கு மாறி மாறிக் கைக்கு எட்டாமல் போய்விடும். அதை அவருக்குச் சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை.

எல்லாம் அறிந்ததுபோலத் தெரியும் இந்த ஏடு பல இடங்களில் தடுமாறவும் செய்கிறது. களியக்காவிளைப் பக்கம் போனால் எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைக் கைப்பேசி பற்றிக்கொண்டு, மலையாள நகைக்கடை விளம்பரங்கள் வரிசைகட்டும். மொபைல் இணையத்தின் வாசல் சென்னையில் இருந்தால், நாகர்கோவில் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை அடுக்ககம் விற்பார்கள். மயினியிடம், “நேற்று பார்த்த மற்ற விளம்பரங்கள் ஞாபகம் இருக்கிறதா?” என்று கேட்டேன். ஒன்றுகூட ஞாபகம் இல்லை. நூறு அம்புகள் தவறிப் போகின்றன, தைத்த ஒன்றுதான் நினைவில் நிற்கிறது.

“அப்படியானால் மைக்கை மூடினால் பயனில்லையா?” என்றார். அமைப்புகளுக்குள் போய், கூகுள், விளம்பரங்கள் என்று திறந்து, விளம்பர ஐடியை நீக்கிக் காட்டினேன். செயலிகளுக்குள் அந்த எண்ணின்மேல் எழுதி வைத்தவை அதன்பின் ஆள் இல்லாத வீட்டுக்கு வரும் தபால். பிறகு இருப்பிட அனுமதியை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டார்ச் விளக்கு ஒன்று தக்கலையில் அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டிருந்தது. விளக்குக்கு அது எதற்கு? எடுத்துவிட்டோம். உலாவிகளில் சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுக்கிறது. ஃபயர்பாக்ஸ் 2019 முதல் தெரிந்த பின்தொடர்வோரைத் தானாகவே தடுக்கிறது. குரோமில் அவற்றை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அந்த முடிவைக் கைவிட்டது. ஆகவே மயினியின் கைப்பேசியில் உலாவியையும் மாற்றினோம்.

அப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் உள்ளே வந்தாள். பள்ளி முடிந்தால் அந்தக் கைப்பேசி அவள் கையில்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வந்தாலும், மயினியின் தீயலும் அண்ணனின் ரப்பர் விலையும் இவளுடைய தேர்வு வினாத்தாளும் அந்த ஏட்டில் ஒரே ஆளாகத்தான் பதிந்திருக்கின்றன.

“அந்த ஆளுக்கு என்ன வயது என்று போட்டிருப்பார்கள், சித்தப்பா?” என்று கேட்டாள். கணக்கு அமைப்புகளில் விளம்பர விவரப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு மயினியும் வந்து குனிந்து பார்த்தார்.