நவம்பர் வரை காத்திருக்காதீர்கள், அந்த ஓட்டுச் சீட்டுக் கவரை இப்போதே பிரியுங்கள்

போன வாரம் ஒருவர் ஆபீசுக்கு வந்திருந்தார். கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் வீடு, அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் போட்ட கிரீன் கார்டு மனு எங்கோ மாட்டிக்கொண்டு நகராமல் கிடக்கிறது. "மேடம், நம்ம காங்கிரஸ்மேன் ஆபீஸ்ல சொன்னா நகரும்னு சொல்றாங்களே, கேட்டுப் பார்க்கலாமா?" என்றார். தாராளமாகக் கேட்கலாம், ஓட்டுப் போடாதவருக்கும் அந்த அலுவலகம் உதவும், நானே எத்தனையோ ஃபைல்களுக்குக் கேட்டிருக்கிறேன். சரி, உங்கள் தொகுதியிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போயிருப்பவர் யார் என்று தெரியுமா என்றேன். தெரியவில்லை. 2024 மார்ச் பிரைமரியில், அதாவது நவம்பரில் யார் நிற்பது என்று முடிவு செய்கிற முதல் சுற்றில், ஓட்டுப் போட்டீர்களா என்றேன். "மார்ச்லயா? எலெக்‌ஷன் நவம்பர்லதானே?"

சான் ஹோசேயில் குடியேற்ற வழக்குகள் பார்க்கிற எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போய்விட்டது. ஹெச்1பி வேலை விசாவில் வந்து, கிரீன் கார்டுக்குப் பத்துப் பதினைந்து வருஷம் வரிசையில் நின்று, அப்புறம் ஐந்து வருஷம் பொறுத்துக் குடியுரிமை வாங்குகிறவர்கள் நம் ஆட்கள். வந்தவருக்கு நடந்த குடியுரிமைத் தேர்வில், குடிமக்களுக்கு மட்டுமே உரிய பொறுப்பு ஒன்றைச் சொல் என்று ஒரு கேள்வி இருந்தது. ஃபெடரல் தேர்தலில் ஓட்டுப் போடுவது என்ற பதிலை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்துதான் மனப்பாடம் செய்தார்.

அடுத்து வருகிற வசனம்தான் எனக்கு ஆகவே ஆகாது: "பிரைமரி கட்சிக்காரங்க விஷயம் மேடம், நான் எந்தக் கட்சியிலயும் இல்லையே." இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஊரில் கட்சி ஆபீசில் நேர்காணல் நடக்கும், தலைமை பட்டியலை வெளியிடும், அதில் நமக்கு வேலை இல்லை. இங்கே அப்படிக் கிடையாது. அதிலும் கலிஃபோர்னியாவில் 2010-இல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 14-ஆவது முன்மொழிவுக்குப் பிறகு, காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம், கவர்னர் பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே ஓட்டுச் சீட்டில்தான் வருவார்கள். கட்சி இல்லாதவருக்கும் அதே சீட்டுதான். அதிக ஓட்டு வாங்குகிற முதல் இரண்டு பேர், ஒரே கட்சியாக இருந்தாலும், நவம்பருக்குப் போவார்கள், மற்றவர்கள் பெயர் அத்தோடு போச்சு. கவுண்டியை (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நிர்வகிக்கிற சூப்பர்வைசர், நீதிபதி பதவிகளில் பிரைமரியிலேயே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. ஜனாதிபதி பிரைமரிக்கு மட்டும்தான் கட்சிக் கணக்கு. அதிலும் 2024-இல் கட்சி சாராதவர்கள் கேட்டு வாங்கினால் டெமாக்ரட் கட்சியின் ஓட்டுச் சீட்டு கிடைத்தது.

அந்த வருஷம் மார்ச் 5-ஆம் தேதி, ஆபீசுக்கு வந்த இவர் குடியிருக்கிற 16-ஆவது காங்கிரஸ் தொகுதியில் என்ன நடந்தது தெரியுமா? 1993 முதல் இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ஆனா எஷூ விலகியதால் 11 பேர் நின்றார்கள். சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாம் இடத்தில் இவான் லோ 30,249, ஜோ சிமிட்டியன் 30,249. ஆமாம், சரிசமம். மறுபடி எண்ணினார்கள், லோ 5 ஓட்டில் முந்தினார், சிமிட்டியன் வெளியே. ஐந்து ஓட்டு என்றால் பொங்கல் விழாவில் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிற கூட்டம்கூட இல்லை. நவம்பரில் மிச்சமிருந்த இரண்டு பேருமே டெமாக்ரட். வேறு யாரையாவது விரும்பியிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய நாள் மார்ச்சிலேயே கடந்துவிட்டது.

ஜனாதிபதி தேர்தல் வருஷத்தில் பிரைமரி மார்ச்சில் வரும், மற்ற இரட்டைப்படை வருஷங்களில் ஜூனில். ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே தபாலில் சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அது காஸ்ட்கோ கூப்பன் புத்தகத்துக்கு அடியில், பிரிக்காமல், மேலே காபிக் கறையோடு கிடந்ததைப் பார்த்தேன். பிரியுங்கள். எல்லாப் பதவிக்கும் நிரப்பினால்தான் செல்லும் என்று பலர் பயந்து ஒதுக்கி வைக்கிறார்கள். தெரியாததை விட்டுவிடலாம், நிரப்பியது எண்ணப்படும். ஸ்டாம்ப் வேண்டாம். கடைசி நாளில் தபாலை நம்பாமல் டிராப் பாக்ஸில் இரவு எட்டு மணிக்குள் போட்டுவிடுங்கள்.

கையெழுத்து விஷயம் முக்கியம். நம் ஆட்கள் குடியுரிமை வாங்கும்போது இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி, கையெழுத்தையும் மாற்றிவிடுகிறார்கள், வாக்காளர் பதிவில் பழையதே நிற்கிறது. உறையில் இருக்கும் கையெழுத்து பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் கவுண்டியிலிருந்து கடிதம் வரும், அதையும் குப்பையில் போட்டால் ஓட்டு எண்ணப்படாது. அப்புறம், மனைவிக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒருவரே உட்கார்ந்து நிரப்பி அவர்கள் கையெழுத்தையும் போடுகிற வேலை வேண்டாம். அது குற்றம், குடும்பப் பாசம் கோர்ட்டில் செல்லாது.

யாருக்குப் போடுவது என்று வாட்ஸப் குழுவில் கேட்காதீர்கள். கவுண்டி அனுப்புகிற வழிகாட்டிப் புத்தகத்தை அரை மணி நேரம் புரட்டுங்கள். அதில் வருகிற வேட்பாளர் அறிக்கை அவர்களே எழுதியது, அப்படித்தான் படிக்க வேண்டும். யார் பணம் கொடுத்தார்கள் என்பதை, காங்கிரஸ் பதவிக்கானால் ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்க்கலாம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றையாவது அந்த மாதம் மட்டுமாவது படியுங்கள். யூடியூபில் ஜனாதிபதியைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களுக்கு உங்கள் சூப்பர்வைசர் பெயர் தெரியாது.

கிரீன் கார்டில் இருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், நீங்கள் பதிவு செய்யவே கூடாது. வாகனத் துறையான டி.எம்.வி.யில் லைசென்ஸ் படிவம் நிரப்பும்போது குடிமகன் என்ற இடத்தில் அவசரத்தில் டிக் செய்து, வருஷக்கணக்கில் சேர்த்ததையெல்லாம் நாடுகடத்தல் வழக்கில் கொண்டுபோய் நிறுத்துகிற நிலை வரக்கூடாது. கவர் வந்துவிட்டாலும் தொடாதீர்கள், முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

வந்தவர் கிளம்பும் முன் என் எதிரிலேயே போனில் தன் பதிவைத் தேடிப் பார்த்தார். நாலு வருஷம் முன்பு காலி செய்த சன்னிவேல் அபார்ட்மென்ட் முகவரி அப்படியே இருந்தது. ஓட்டுச் சீட்டைத் தபால் துறை புது முகவரிக்குத் திருப்பி அனுப்பாது. வந்திருந்தாலும் அது 17-ஆவது தொகுதிச் சீட்டு, இவர் தொகுதியுடையது இல்லை. அங்கேயே உட்கார்ந்து மாற்றினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் அம்மா ஃபைலை எடுத்தேன்.