வேல்ஸில் கவுண்டி கவுன்சில்: ஓட்டு எப்படி, முடிவு யார் கையில்?

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் முழுவதற்கும் 22 கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள். முன்பு 8 கவுண்டிகள் மேலே, 37 மாவட்டங்கள் கீழே என இரண்டு அடுக்கு இருந்தது. 1996 ஏப்ரல் 1 முதல் அதை ஒரே அடுக்காக்கினார்கள். பெயரில் 'கவுண்டி' என்றிருந்தாலும் 'கவுண்டி பரோ' என்றிருந்தாலும் அதிகாரம் ஒன்றுதான். இதற்குக் கீழே ஊர் அளவில் 700-க்கும் மேற்பட்ட சமூக, நகர கவுன்சில்கள் உண்டு. பூங்கா, பெஞ்சு, கல்லறை, ஊர் மண்டபம் போன்றவை அவர்கள் பாடு. பெரிய விஷயங்களை அங்கே கொண்டுபோய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பள்ளிகள், முதியோர் மற்றும் குழந்தைகள் நலப்பணி, உள்ளூர் சாலைகள், குப்பை, நூலகம், கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு, கவுன்சில் டாக்ஸ் (வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரி) எல்லாம் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. மருத்துவமனை சுகாதார வாரியத்தின் கையில், போலீஸ் தனி. சாலையிலும் ஒரு பிரிவினை உண்டு. அபெரிஸ்ட்வித் வழியாகப் போகும் ஏ487 போன்ற முக்கிய நெடுஞ்சாலைகளுக்கு வேல்ஸ் அரசுதான் பொறுப்பு, கவுன்சில் அல்ல. எரிரி (ஸ்னோடோனியா) தேசியப் பூங்கா எல்லைக்குள் வீடு இருந்தால், க்வினெத் கவுன்சிலுக்கு வரி கட்டினாலும் வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கேட்க வேண்டியது பூங்கா ஆணையத்திடம். புதிதாக வீடு வாங்குகிறவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான்.

தேர்தல் இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. கடைசியாக நடந்தது 2022 மே 5. அடுத்தது 2027 மே மாதம். 22 கவுன்சில்களிலும் சேர்த்து 1,234 இடங்கள். கார்டிஃபில் 79 பேர், மெர்த்திர் டிட்ஃபிலில் 30 பேர் என எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். அதிக ஓட்டு வாங்கியவருக்கே வெற்றி என்ற பழைய முறைதான். ஆனால் வார்டுக்கு ஒருவர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. கெரெடிகியனில் 34 வார்டுகளுக்கு 38 கவுன்சிலர்கள். பெரும்பாலான வார்டுகளில் ஒரே இடம், ஒரே குறி. அங்கிள்சி தீவிலோ 11 பெரிய வார்டுகளில் 35 பேர். அங்கே மூன்று இடம் உள்ள வார்டில் மூன்று பெயர் வரை குறி போடலாம். ஒன்றோ இரண்டோ போட்டாலும் செல்லும்; நான்கு போட்டால் முழுச் சீட்டும் செல்லாது. எத்தனை பேர் வரை என்பது ஓட்டுச்சீட்டின் தலைப்பிலேயே வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்கும். குறி போடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

2021-இல் வந்த சட்டம், விருப்ப வரிசைப்படி ஓட்டளிக்கும் விகிதாசார முறைக்கு மாற கவுன்சிலுக்கு வழி விட்டிருக்கிறது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். பழைய முறையில் ஜெயித்து வந்தவர்களிடம் அந்த ஆதரவைத் திரட்டுவது லேசல்ல.

யார் ஓட்டுப் போடலாம்? 16 வயது ஆனவர்கள். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. சட்டப்படி வேல்ஸில் வசிக்கும் எந்த நாட்டவரும் கவுன்சில் தேர்தலில் ஓட்டளிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்தக் குடிமக்கள் 18 வயதில் பிரிட்டன் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டளிக்கலாம். மாணவர் விசா, வேலை விசா எதுவானாலும் சரி. இது தெரியாமல் பல ஆண்டுகள் பதிவே செய்யாமல் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வேட்பாளராக நிற்பது வேறு கதை: 18 வயது ஆகியிருக்க வேண்டும், வெளிநாட்டவருக்கு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வேண்டும். டெபாசிட் தொகை எதுவும் கிடையாது.

பதிவு ஆன்லைனில் சில நிமிட வேலை. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு 12 வேலை நாள் முன்பு பதிவுக்கான கெடு முடிந்துவிடும். தபால் ஓட்டுக்கு 11 வேலை நாள் முன்பு மாலை 5 மணி வரை. வீடு மாறினால் பழைய பதிவு கூடவே வராது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. வேல்ஸ் கவுன்சில் தேர்தலுக்குப் புகைப்பட அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கேட்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

கிராமப்புற வேல்ஸில் சுயேச்சைகளுக்குச் செல்வாக்கு அதிகம். போட்டியே இல்லாத வார்டுகளும் உண்டு: 2022-இல் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒரு ஓட்டுகூடப் பதிவாகாமல் கவுன்சிலர்கள் உள்ளே போனார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தும் ஓட்டுச்சீட்டு வரவில்லையே என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

ஜெயித்த பிறகு இரண்டு மாதத்துக்குள் பதவி ஏற்பு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் இடம் காலி. தகுந்த அனுமதியின்றி ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டாலும் பதவி போய்விடும். 2025-26-க்கு அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 19,771 பவுண்டு.

எல்லா கவுன்சிலர்களும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. முழு மன்றம் தலைவரைத் தேர்ந்தெடுக்கும், பட்ஜெட்டையும் கவுன்சில் டாக்ஸையும் நிறைவேற்றும். அன்றாடக் கொள்கை முடிவுகளை எடுப்பது தலைவரும் அவர் அமைக்கும் கேபினட்டும். ஒரு பதவியை இருவர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாதபோது, கேபினட் தலைவரையும் சேர்த்து பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது. சங்கிலி அணிந்து விழாவுக்கு வரும் சேர்மன் கூட்டத்தை நடத்துபவர் மட்டுமே. அவரிடம் மனு கொடுத்தால் ஒரு நல்ல படம் கிடைக்கும். கேபினட்டுக்கு வெளியே இருப்பவர்கள் ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்து அதன் முடிவுகளைக் கேள்வி கேட்பார்கள். ஒரு முடிவு வெளியானதும் சில நாட்களுக்குள் அதை மறுபரிசீலனைக்கு இழுக்கவும் முடியும். எத்தனை நாள், எத்தனை பேர் கையெழுத்து என்பது ஒவ்வொரு கவுன்சிலின் விதிநூலிலும் வேறு வேறு. பள்ளியை மூடுவது போன்ற விஷயங்களில் அந்தச் சில நாட்களைக் கோட்டைவிட்டால் பிறகு கூச்சல் போட்டுப் பெரிய பயன் இல்லை.

கட்டட அனுமதியில் பெரும்பாலான விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். கவுன்சிலர்கள் அடங்கிய கட்டட அனுமதிக் குழுவின் பார்வைக்குப் போக வேண்டுமானால், உங்கள் வார்டு கவுன்சிலர் குறித்த காலத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அவரே அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தால், "கண்டிப்பாக எதிர்த்து ஓட்டுப் போடுவேன்" என்று அவரிடம் முன்கூட்டியே வாக்கு வாங்காதீர்கள். மனதை முன்பே மூடிக்கொண்டவர் அந்த விவாதத்திலிருந்து விலக நேரும். உங்கள் பக்கம் ஒரு ஓட்டு குறையும்.

பணத்தில் பெரும்பகுதி கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அரசின் மானியம். கவுன்சில் டாக்ஸ் பில்லில் கவுண்டி, போலீஸ், சமூக கவுன்சில் என மூன்று பங்கு தனித்தனியாக இருக்கும். ஏறியது யார் பங்கு என்று பார்த்துவிட்டுக் கோபப்படலாம். இந்த வரிக்காக வீடுகள் 2003 ஏப்ரல் மதிப்பின்படி ஒன்பது படிகளில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. படி தவறென்று பட்டால் முறையிட வேண்டியது மதிப்பீட்டு அலுவலகத்தில்.

சேவையில் குறை என்றால் முதலில் கவுன்சிலின் சொந்தப் புகார் முறையை முழுவதும் பயன்படுத்தி, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதன் பிறகுதான் வேல்ஸ் பொதுச்சேவை ஆம்புட்ஸ்மன் (பொதுமக்கள் புகார்களை விசாரிக்கும் சுயேச்சையான அதிகாரி) பொதுவாகக் கையில் எடுப்பார். பிரச்சினை தெரியவந்த ஓராண்டுக்குள் அவரிடம் போக வேண்டும், கட்டணம் இல்லை. கவுன்சிலரின் நடத்தை பற்றிய புகாருக்கும் அவரே. சிறு விவகாரம் கவுன்சிலின் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். அங்கே அதிகபட்சம் ஆறு மாத இடைநீக்கம். கடுமையானது தீர்ப்பாயத்துக்குப் போனால் ஐந்து ஆண்டு வரை தகுதி இழப்பு.