கோப்ளின்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஐரோப்பியக் கதைகளில் வரும் குறும்புப் பேயான கோப்ளின் என்றதும் இன்று மனத்தில் வருவது குள்ள உருவம், பச்சைத் தோல், கூரான காது. இந்த உருவம் புதியது, சொல் பழையது. 12ஆம் நூற்றாண்டுத் துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ், பிரான்சின் எவ்ரே நகரில் உலவிய ஒரு பேயை மக்கள் ‘கோபெலினுஸ்’ என்று அழைத்ததாக லத்தீனில் எழுதியிருக்கிறார். 14ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு முந்தைய வேரில்தான் இழுபறி. போக்கிரி எனப் பொருள்படும் கிரேக்க ‘கோபலோஸ்’ என்பார் உண்டு. ஜெர்மானிய ‘கோபோல்டு’க்கு உறவு என்பாரும் உண்டு. கோபோல்டு சுரங்கத்துக் குறும்புப் பேய். உருக்கிய தாதுவில் உலோகம் கிடைக்காமல் ஆர்சனிக் நச்சுப்புகை மட்டும் வந்தால் பழி அதன்மேல் விழும். கோபால்ட் என்ற தனிமத்தின் பெயர் அப்படி வந்ததுதான்.

நாட்டார் கதைகளின் கோப்ளின் தனி ஆவி. அதற்கு ஊரில்லை, சோற்றுக் கவலையில்லை. மிகுபுனைவுதான் (ஃபேன்டசி) அதற்குக் குடியும் குலமும் கொடுத்தது. ஜார்ஜ் மெக்டொனால்டின் 1872ஆம் ஆண்டுச் சிறுவர் நாவலில் கோப்ளின்கள் மலைக்கடியில் அரசன் அரசியோடு வாழ்கிறார்கள். முன்னோர் வரிச்சுமை தாளாமல் மண்ணுக்குள் இறங்கியவர்கள் என்றும் ஒரு பேச்சு. தலை பாறைபோல் கெட்டி, பாதம் மட்டும் மென்மை. அடித்தால் பாதத்தில் அடிக்க வேண்டும்.

1974இல் வந்த, பாத்திரமேற்று ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு இதை மேலும் நுணுக்கமாக்கியது. அதன் 2016ஆம் ஆண்டுக் கையேடு ஒன்றில் கோப்ளின் கூட்டத்துக்கு நான்கு அடுக்குகள். பொறி வைத்தல், விலங்கு பழக்குதல், உலோகம் உருக்குதல் எல்லாம் மேலடுக்கான சாட்டைக்காரர் கையில். அவர்களுக்குக் கீழே வேட்டையர். ஓநாய்ச் சவாரி பெரும்பாலும் இவர்களுக்கு. பிறகு உணவு சேகரிப்போர், கடைசியில் ஒதுக்கப்பட்டோர். ஹாரி பாட்டர் உலகத்து வங்கிக் கோப்ளின்களிடம் இதைவிடச் சுவையான வழக்கம் ஒன்று உண்டு: பொருள் என்றைக்கும் செய்தவனுக்கே சொந்தம். காசு கொடுத்தவர் வாடகைக்கு வைத்திருக்கிறார், அவ்வளவே. அவர் இறந்தபின் வாரிசுக்குப் போனால் அது திருட்டு.

ஆகவே தமிழ்ச்சொல் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது: இது ஆவியா, இனமா? ‘குட்டிச்சாத்தான்’ நாட்டார் கோப்ளினுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் மந்திரவாதி ஏவினால் போகும் அந்த ஏவலாளைச் சுரங்கம் வெட்டவோ வங்கி நடத்தவோ வைத்தால் வாசகர் குழம்புவார். ‘பூதம்’ பேருருவையும் நினைவூட்டும், ஐம்பூதத்தையும் இழுத்துவரும். பேயைக் குறிக்கும் பழஞ்சொல்லான ‘கூளி’ கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. கலிங்கத்துப் பரணியின் பேய்க்கூட்டத்துக்கு வாழ்க்கைமுறையே இருக்கிறது: யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, கூழ் அட்டு, பங்கிட்டுக் குடிக்கிறது. ஆனாலும் அது பிறர் போர் செய்த களத்தில் உண்ணும் கூட்டம். தானே கொள்ளைக்குப் புறப்படுவதில்லை.

என் தேர்வு ‘குறளி’. குறள் என்றால் குறுமை. குறளி குள்ளப் பேய். குறளி வித்தை என்ற வழக்கில் மாயமும் தந்திரமும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு குறை: இகர ஈறு பெண்பால்போல் ஒலிக்கும். ‘குறளித் தலைவன்’, ‘குறளிப் பெண்’ என்று அடுத்த சொல்லால் சரிக்கட்டலாம்.

மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சறுக்குவது வினைமுற்றில்தான். ‘மக்கள் தேவர் நரகர் உயர்திணை’ என்கிறது நன்னூல். ஆனால் பேச்சில் ‘பேய் வந்தது’ என்றுதான் சொல்கிறோம். காட்டில் பாயும் வெறுங்கூட்டம் என்றால் ‘குறளிகள் வந்தன’ போதும். குலமும் சட்டமும் உள்ளவர்கள் என்றால் ‘குறளியர் வந்தனர்’. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலந்தால், பேரம் பேசிக்கொண்டிருந்தவன் அடுத்த வரியில் விலங்காகிவிடுவான்.

கோப்ளினின் உறவான ஹாப்கோப்ளினை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். ‘ஹாப்’ என்பது ராபின், ராபர்ட் ஆகியவற்றின் செல்லச் சுருக்கம். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வரும் ‘பக்’ என்ற குறும்புக்கார ஆவிக்கும் ஹாப்கோப்ளின் என்ற பெயர் உண்டு. விளையாட்டுகளில் ஹாப்கோப்ளின் ஆளுயரப் போர்வீரன் ஆகிவிட்டது. அதற்காகப் ‘பெருங்குறளி’ என்று எழுதினால் பெரிய குள்ளப் பேய் என்றாகும்.