நாலு தக்காளி எடுத்துட்டு வா

அக்கா மகனுக்கு நாலு வயது முடியப் போகிறது, எல்கேஜி. லீவுக்கு செல்லூர் வீட்டுக்கு வந்தவன், வந்த அன்றைக்கே கூடத்தில் நின்று ஒன்றிலிருந்து ஐம்பது வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். எல்லோரும் கை தட்டினோம், அம்மா சுற்றிப் போடாத குறை. மறுநாள் காலை அடுப்படியிலிருந்து அம்மா, "ஐயா, கூடையில இருந்து நாலு தக்காளி எடுத்துட்டு வாய்யா" என்றதும் ஓடிப்போய் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான். ஏழு இருந்தது. எண்ணச் சொன்னால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரை சரியாக எண்ணினான். "அப்ப எத்தனை இருக்கு?" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அக்காவுக்கு முகம் வாடிப்போனது. வாட வேண்டியதில்லை. குழந்தைகள் எண்ணைக் கற்றுக்கொள்ளும் வழியே இதுதான். 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் என்ற அமெரிக்க உளவியலாளர், கிட்டத்தட்ட இந்தத் தக்காளி வேலையைத்தான் சோதனையாகவே வைத்தார். குவியலிலிருந்து "மூன்று எடுத்துக் கொடு" என்று கேட்பது, அவ்வளவுதான். பத்து வரை சொல்லத் தெரிந்த பிள்ளைகள்கூட ஒன்று கேட்டால் சரியாகக் கொடுத்துவிட்டு, இரண்டோ மூன்றோ கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். ஒன்றின் பொருள் புரிந்து, பல மாதம் கழித்து இரண்டு, அப்புறம் இன்னும் சில மாதம் கழித்து மூன்று என்று ஒவ்வொரு படியாக ஏறி, மூன்றரை நாலு வயதுவாக்கில் திடீரென்று மற்ற எண்கள் எல்லாம் மொத்தமாகப் பிடிபடுகின்றன. அதுவரை "ஒன்று, ரெண்டு, மூணு" என்பது அவர்களுக்கு நிலாப் பாட்டு மாதிரி ஒரு பாட்டுதான்.

எண்ணுவது என்ற இந்தச் சாதாரண வேலைக்குள் மூன்று விதிகள் ஒளிந்திருப்பதாக 1978-ல் கெல்மன், காலிஸ்டெல் என்ற உளவியலாளர்கள் இருவர் எழுதினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான், விடவும் கூடாது, இரண்டு தடவை தொடவும் கூடாது. சொற்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தக் கணக்கு. முதல் இரண்டும் எங்கள் வீட்டுப் பயலுக்கு வந்துவிட்டன, மூன்றாவதுதான் பாக்கி. இதில் வேடிக்கை என்னவென்றால், சொல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, வரிசை நிலையாக இருந்தால் போதும் என்கிறார்கள் அவர்கள். இது நம் ஊர் களத்துமேட்டுக்கு என்றைக்கோ தெரியும். மரக்காலில் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் "லாபம், ரெண்டு, மூணு" என்றுதானே அளந்தார்கள். அதனால் கணக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், சொல்லே வராத வயதில் பிள்ளைக்கு எண் பற்றி எதுவும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதக் குழந்தை 8 புள்ளிகளுக்கும் 16 புள்ளிகளுக்கும் வித்தியாசம் கண்டுகொள்கிறது, ஆனால் எட்டையும் பன்னிரண்டையும் வைத்தால் தடுமாறுகிறது. உத்தேசமாக எடைபோடும் ஒரு புத்தி பிறவியிலேயே இருக்கிறது, விகிதம் நெருங்க நெருங்க அது மங்கிவிடும். இன்னொன்று, எண்ணாமலே பார்த்ததும் சொல்வது. ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1871-ல் ஒரு பெட்டிக்குள் அவரைக்கொட்டைகளை ஆயிரம் தடவைக்கு மேல் வீசிப்போட்டு, ஒரு பார்வையில் எத்தனை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் நான்கிலும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை, ஐந்திலிருந்து தப்ப ஆரம்பித்தார். பெரியவர்களுக்கே எல்லை நாலு, அஞ்சுதான்.

எங்கள் தெருமுனையில் எலுமிச்சம்பழம் கூறு கட்டி விற்கும் அக்காவை இந்தக் கண்ணோடு பாருங்கள். கீழே நாலு, மேலே ஒன்று. வாங்குகிறவர் யாரும் எண்ணுவதில்லை, அஞ்சு என்று கண்ணே சொல்லிவிடுகிறது. அதே அஞ்சு பழத்தைச் சாக்கில் இறைத்துவிட்டால் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். நாலையும் ஒன்றையும் தனித்தனியாகப் பார்த்து சேர்த்துக்கொள்வதுதான் இங்கே நடக்கும் வேலை, கூட்டல் கணக்கின் விதையும் அதுதான். வீட்டில் தட்டில் மூன்று பழம் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, சட்டென்று தூக்கிக் காட்டி மறுபடி மூடிவிட்டு "எத்தனை?" என்று கேளுங்கள். விரலால் தொட்டு எண்ண நேரம் கொடுக்காதீர்கள், அதுதான் விளையாட்டே. மூன்று பழகியபின் நாலு, அப்புறம் இரண்டும் இரண்டுமாக, மூன்றும் ஒன்றுமாக மாற்றி அடுக்கிக் காட்டலாம். அம்மா மல்லிகை கட்டும்போது இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு என்று அவனை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கண்ணிக்கு நாலு பூ என்பது அரை முழம் கட்டுவதற்குள் அவன் கைக்குப் பழகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது புளியங்கொட்டைதான். அஞ்சு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும், தேய்க்கும்போது சூடேறும், பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்துச் சூடு போடாமல் யாரும் வளர்ந்ததில்லை. குலுக்கிப் போட்டால் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. இன்னொரு தடவை நாலு, ஒன்று. அஞ்சு என்பது எப்படியெல்லாம் பிரியும் என்று யாரும் பாடம் நடத்தாமலே தெரிந்துவிடுகிறது. (மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீட்டில் கொட்டையை எண்ணி எடுத்து, எண்ணி உள்ளே வையுங்கள். மூக்கில் ஏற்றிக்கொள்வார்கள்.)

பல்லாங்குழியும் இதே சரக்குதான். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது எண்ணுவதற்கான அந்த முதல் விதி, நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுவது கண்ணால் எண்ணும் பயிற்சி, எந்தக் குழியில் மூன்று கிடக்கிறது என்று நோட்டம்விடுவது 'இன்னும் ஒன்று வந்தால் நாலு' என்ற கணக்கு. ஆட்ட விதி ஊருக்கு ஊர் மாறும், மாறட்டும். பலகை இல்லாவிட்டால் தரையில் பதினாலு வட்டம் போட்டுக்கொள்ளலாம்.

பரமபதம் மட்டும் இந்த வயதுக்கு ஆகாது என்பது என் எண்ணம். ஏகப்பட்ட கட்டம், வரிக்கு வரி திசை வேறு திரும்பும். 2008-ல் ராமணி, சீக்லர் என்ற இருவர் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பாலர் வகுப்புப் பிள்ளைகளை, நேர்கோட்டில் 1 முதல் 10 வரை எழுதிய கட்டங்களில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேரம்தான், அதையும் நாலு தவணையாகப் பிரித்து. எந்த எண் பெரியது, எது எங்கே வரும் என்பதில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்தும் அது அழியவில்லை. எண் இல்லாமல் வெறும் நிறக் கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. கட்டங்களை வட்டமாக அமைத்தபோதும் அவ்வளவு பலன் வரவில்லை.

வாசலில் கோலப்பொடியால் பத்துக் கட்டம் நேராக இழுத்தோம். காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். நாலில் நிற்கிற பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, ரெண்டு" என்று தாண்டக் கூடாது, "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் உள்ளதைச் சொல்லித் தாண்ட வேண்டும். இதை விட்டால் விளையாட்டு மிஞ்சும், எண் மிஞ்சாது. முதல் நாள் முழுக்க எங்களுக்குள் இதுதான் சண்டை.

நூறுக்கு அவசரப்படுகிறவர்களுக்கு ஒன்று. தமிழில் பதினொன்று, பதிமூன்று என்று பத்து வெளிப்படையாகத் தெரிவதால் இங்கிலீஷை விடப் பிடிபடுவது சுலபம், ஆனால் ஒன்பது மட்டும் வம்பு பிடித்தது. எண்பதுக்கு அடுத்து 'தொண்ணூறு' என்று நூறின் சாயலில் வந்து நிற்கும். அங்கே பிள்ளை தடுமாறினால் குற்றம் பிள்ளை மேல் இல்லை.

லீவு முடிகிற வாரம், அஞ்சு கொட்டையில் கொஞ்சத்தை மூடிய கையில் ஒளித்து மிச்சத்தைக் காட்டி "கையில் எத்தனை?" என்று கேட்கும் ஆட்டத்துக்கு வந்திருந்தோம். தரையில் மூன்று கிடந்தால் கொஞ்சம் யோசித்து "ரெண்டு" என்பான். அப்புறம் அவன் முறை வந்தது. அஞ்சு கொட்டையையும் தரையிலேயே பரப்பி வைத்துவிட்டு, இறுக்க மூடிய வெறுங்கையை நீட்டி, "மாமா, இதுல எத்தனை சொல்லு" என்றான்.