தத்துவத் துறையில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மாணவர் சேர்க்கை நடக்கும் நாட்களில் இரண்டு வகைப் பெற்றோர் வருகிறார்கள். பிள்ளை சாமியாராகிவிடுவானோ என்று அஞ்சுவோர் ஒரு வகை. 'தியானம், மன அமைதி எல்லாம் சொல்லிக் கொடுப்பீர்கள்தானே?' என்று ஆவலோடு கேட்போர் இன்னொரு வகை. தத்துவத் துறையை ஏதோ மடத்தின் கிளை என்று நினைப்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தத்துவம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைக்கிறேன். எடுத்துக்காட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துறையைப் பார்க்கலாம்.

சென்னைத் துறை என்றதும் பலரும் சொல்லும் பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இன்று அது இயங்குவதும் அவர் பெயரில் அமைந்த உயராய்வு நிறுவனமாகத்தான். ஆனால் அதைக் கட்டியவர் அவர் இல்லை. அவர் படித்தது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். 1909இல் ஆசிரியராகச் சேர்ந்தது மாநிலக் கல்லூரியில். 1918இல் மைசூருக்கும் 1921இல் கல்கத்தாவுக்கும் போய்விட்டார். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடந்ததெல்லாம் கல்லூரிகளில். அதற்கென்று இந்தியத் தத்துவத் துறை ஒன்று உருவானது 1927இல். பொறுப்பேற்றவர் எஸ்.எஸ். சூரியநாராயண சாஸ்திரி. செப்டம்பர் 5 அன்று மாலை போடுகிறவர்கள் இவரையும் ஒரு நொடி நினைக்கலாம்.

சாஸ்திரி செய்த வேலையைப் பார்த்தால் தத்துவத் துறையின் அன்றாடம் புரியும். அப்பைய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டுக்காரர், ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலம் ஊரினர். அவர் எழுதிய 'சித்தாந்தலேச சங்கிரகம்' என்ற சமஸ்கிருத நூலை சாஸ்திரி 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பதிப்பித்தார். அத்வைதம் (பிரம்மம் ஒன்றே மெய் என்னும் வேதாந்த நெறி) என்றால் ஒரே கொள்கை, ஒரே குரல் என்று மேடையில் பேசுவோரைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணம் இந்த நூலின் முதல் சில பக்கங்களைக்கூடத் தாங்காது. சீவன், அதாவது உயிர், ஒன்றா, பலவா? அறியாமை யாரைப் பற்றி நிற்கிறது? உலகத்துக்குக் காரணம் பிரம்மமா, மாயையா, இரண்டுமா? ஒவ்வொரு கேள்விக்கும் அத்வைதிகளே ஒருவரோடு ஒருவர் முரண்படும் விடைகளைத் தந்திருக்கிறார்கள். முன்னோர் ஆன்மா ஒன்றே என்பதை நிறுவுவதில்தான் கருத்தாக இருந்தார்கள், உலகத் தோற்றம் பற்றிய விவரங்களில் அக்கறை காட்டவில்லை, அதனால் வழிகள் பலவாயின என்று தீட்சிதர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பிறகு அந்த விடைகளை அவரவர் நியாயங்களோடு வரிசையாக எடுத்துவைக்கிறார். பெரும்பாலான இடங்களில் தீர்ப்புச் சொல்வதும் இல்லை.

சாஸ்திரி 1942இல் மறைந்தார். அவருடைய மாணவர் டி.எம்.பி. மகாதேவன் துறையை வளர்த்தெடுத்தார். 1964இல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அங்கே பணியாற்றிய வ.ஆ. தேவசேனாபதியின் 1960ஆம் ஆண்டு நூல். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாருக்கு ஆறு உரைகள் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஞானப்பிரகாசரும் அந்த உரையாசிரியர்களுள் ஒருவர். முத்தியில் உயிர் சிவனுக்குச் சமமாகிறது என்ற அவருடைய கொள்கையை இன்னொரு உரையாசிரியரான சிவஞான முனிவர் கடுமையாக மறுத்தார். இப்படி மோதிக்கொள்ளும் ஆறு உரைகளையும் எதிரெதிரே வைத்துச் சைவ சித்தாந்தத்தை விளக்கியதுதான் தேவசேனாபதியின் உழைப்பு. தனக்குப் பிடித்த உரையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் வேலை பாதியில் முடிந்திருக்கும்.

சித்தியாரின் அமைப்பே ஒரு பாடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் அதைப் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று இரண்டாகப் பிரித்தார். பரபக்கத்தில், கண்ணால் காண்பதே மெய் என்னும் உலகாயதம் தொடங்கிப் பதினான்கு பிற கொள்கைகள். ஒவ்வொன்றையும் முதலில் அவர்கள் சொல்லும்படி சொல்லி, அதன் பிறகே மறுப்பு. தன் கொள்கையை விரிப்பது அதற்கும் பிறகுதான். எதிராளியின் வாதத்தைப் பதிவு செய்யும் இந்தப் பழக்கத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல. பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் வாதங்களில் ஓரளவு நமக்குத் தெரிவது, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியாலும் அதன் உரையாலும்தான். உலகாயதர்களான சார்வாகர்களின் மூலச் சூத்திரங்களும் தொலைந்துபோயின. மறுத்தவர்கள் எடுத்துக்காட்டிய வரிகள் மிஞ்சின.

என் வகுப்பிலும் இந்த முறைதான். திருநீறு பூசி வரும் மாணவன் உலகாயதனுக்காக எழுத வேண்டும்: புகை இருக்கும் இடமெல்லாம் நெருப்பு உண்டு என்கிறாயே, எல்லா இடத்தையும் எல்லாக் காலத்தையும் பார்த்துவிட்டா சொல்கிறாய்? கடவுள் இல்லை என்று உறுதியாக நிற்கும் மாணவி, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்துக்காக எழுத வேண்டும்: தோன்றி, நின்று, ஒடுங்கும் உலகத்துக்கு அவற்றைச் செய்யும் ஒரு முதல் வேண்டாமா? முதல் வாரங்களில் இருவருமே எதிர்த்தரப்பை அசடாக்கித்தான் எழுதுவார்கள், அடித்து வீழ்த்துவது எளிதாகிவிடும் அல்லவா? அந்தத் தாள்களை மதிப்பெண் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். 'இதை அந்தக் கொள்கைக்காரரே படித்தால் ஆம், நான் சொல்வது இதுதான் என்பாரா?' இது ஒன்றுதான் என் அளவுகோல். தொலைக்காட்சி விவாதம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தண்டனையாகத்தான் தோன்றுகிறது.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர் பணியிடங்கள் குறைவு. அதற்கு நெட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் தத்துவமும் உண்டு. இரண்டு தாள், தாளுக்கு 250 மதிப்பெண். 2013 முதல் அறவியலுக்கென்று பொதுத்தாளும் தனியாக இருக்கிறது. இந்தத் தேர்வுகளை மட்டும் மனத்தில் வைத்து வருவோரையும் நான் குறை சொல்வதில்லை. ஆனால் பயிற்சி மையக் குறிப்புகளை மனப்பாடம் செய்யவே வந்தால் படிக்கும் இரண்டு ஆண்டும் எரிச்சல்தான் மிஞ்சும். மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு, சட்டம், இதழியல், பதிப்புத்துறை என்று போனவர்களும் இருக்கிறார்கள். பட்டத்தைப் பார்த்து யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. தாங்களே வழி தேடிக்கொண்டார்கள்.

சேரும் முன் துறைக்கு நேரில் போய்ச் சிலவற்றைக் கேளுங்கள். மூல நூல்களை வகுப்பில் வரிவரியாகப் படிக்கிறார்களா, தத்துவ வரலாற்றுச் சுருக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்களா? அளவையியலுக்கு (தர்க்கத்துக்கு) தனித்தாள் உண்டா? தமிழில் தேர்வெழுதலாமா? ஆய்வு நெறியாளராக வரக்கூடியவர் எந்த மொழியின் மூலங்களைப் படிக்கிறார்? கடைசிக் கேள்வி முனைவர் பட்டம் வரை போக நினைப்பவருக்கு மிக முக்கியம். சமஸ்கிருதமோ பழந்தமிழோ தெரியாமல் ஆய்வில் இறங்கிப் பாதியில் தலைப்பை மாற்றியவர்கள் பலர். முடிந்தால் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மன அமைதி வேண்டி வருபவர்கள் அன்று ஏமாந்து போகக்கூடும். கட்டணம் கட்டும் முன்பே அது தெரிந்துவிடுவது நல்லதுதானே?