காஸ்ட் பிளஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று. அதனால் இங்கே லேத் ஓட்டும் பட்டறைகளிலும் ராணுவ ஆர்டர் பேச்சு அடிபடுகிறது. கூடவே ‘காஸ்ட் பிளஸ்’ என்ற சொல்லும். ஆகிற செலவை அரசே கொடுத்து, மேலே லாபமும் தருவது என்று பொருள். இதற்கு எதிர் நிலைவிலை: பேசியது பேசியதுதான், செலவு கூடினால் செய்கிறவர் தலையில்.

நமக்கு இரண்டுமே பழக்கம்தான். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூவைப் பார்த்தே குத்தகை பேசிவிடலாம். தருமபுரிப் பாறையில் போர்வெல் போட அப்படிப் பேச முடியுமா? தண்ணீர் வந்தால்தான் காசு என்றால் எந்த வண்டியும் வராது. அறுநூறு அடிக்கும் புழுதியே பறந்தாலும் அடிக்கணக்கில் எண்ணி வைக்க வேண்டும். இதுவரை யாரும் செய்யாத ஆயுதமும் அந்தப் பாறை மாதிரிதான். அமெரிக்கக் கடற்படை 1988-ல் ஏ-12 விமானத்தை உருவாக்கும் வேலையையே உச்சவரம்பு கட்டிய விலைக்குக் கொடுத்தது. 1991-ல் கைவிட்டார்கள், ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு மட்டும் 2014 வரை நடந்தது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘காஸ்ட்’டின் லத்தீன் மூலத்தில் ‘நிற்றல்’ இருக்கிறது: இன்ன விலையில் நிற்கிறது. தமிழில் அது அடங்குகிறது. ‘எனக்கு அடக்கமே நூறு ரூபாய்ங்க’ என்று கடைக்காரர் சொல்கிறாரே, அதுதான். ‘ஒப்பந்தம்’ ஒப்புதலில் பிறந்தது. தெலுங்கு, கன்னடத்திலும் கிட்டத்தட்ட இதே சொல் என்பதால் ஓசூரில் மூன்று மொழிக்காரருக்கும் புரியும்.

‘பிளஸ்’தான் சிக்கல். ‘கூட்டு’ என்று போட்டால் பங்காளி வியாபாரம் போலாகிவிடும். நான் ‘அடக்க ஊதிய ஒப்பந்தம்’ என்பேன். பழந்தமிழில் ஊதியம் என்றால் லாபம். சம்பளம் என்பது பிறகு வந்த பொருள். இதில் முன்பே இவ்வளவு என்று பேசிவிடும் நிலை ஊதியம் வேறு, செலவில் இத்தனை பங்கு என்று தரும் விழுக்காட்டு ஊதியம் வேறு. பின்னதில் செலவு ஏற ஏற லாபமும் ஏறும் என்பதால் அமெரிக்க அரசுக் கொள்முதலில் அதற்குத் தடை. நம் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளோ காஸ்ட் பிளஸ் முறையையே பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றன.

எப்படியானாலும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் நிலத்தில் போர் போட்ட அன்று அப்பா வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு, இறங்கிய ஒவ்வொரு ராடுக்கும் ஒரு கூழாங்கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.